முகத்தை மூடுவோம், கண்ணை மூடமாட்டோம்!

புதுவைப் பெரிய மார்க்கெட்டுக்குக் காலை வேளையில் போய்ப் பாருங்கள், தோழர்களே!

வாங்க வருகிறவர் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பார். விலை கேட்பார். "என்னம்மா, நேற்றைக்கு ஒரு விலை, இன்றைக்கு ஒரு விலையா?" என்று பேரம் பேசுவார். ஐந்து நிமிடத்தில் பையை நிரப்பிக்கொண்டு புறப்பட்டுவிடுவார். ஆனால் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாரே அந்த அம்மா, அவர் புறப்பட முடியுமா? ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். அவர் போனால் மற்றொருவர். அத்தனை பேரின் பேச்சும் அந்த அம்மாவின் முகத்துக்கு நேரே! அத்தனை பேரின் மூச்சும் அவர் மூச்சோடு!

கொள்ளைநோய்க் காலத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாங்குகிறவருக்கு ஐந்து நிமிட ஆபத்து. விற்கிறவருக்கு நாள் முழுவதும் ஆபத்து. மூட்டை சுமந்து வருகிற தொழிலாளிக்கும், தராசு பிடிக்கிற பையனுக்கும், குப்பை அள்ளுகிற தோழருக்கும் அதே ஆபத்து. அப்படியானால், கடைக்குப் போகிறவர் முகத்திலே கட்டிக்கொள்கிற துணி யாரைக் காப்பாற்ற? தன்னை மட்டும்தானா? இல்லை, எதிரே நிற்கிற உழைப்பாளியைக் காப்பாற்ற! இந்த ஒன்றைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

2020-ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. மார்ச் 25-ஆம் நாள் நாடு முழுவதும் பூட்டப்பட்டது. வேலை நின்றது, கூலி நின்றது. பசி மட்டும் நிற்கவில்லை. பெரிய மார்க்கெட்டின் நெரிசலைக் குறைக்கக் காய்கறிக் கடைகள் புதிய பேருந்து நிலையத்துக்குப் போயின. பேருந்து நிற்கிற இடத்திலே வெங்காயம் நின்றது! ஏப்ரல் 15-ஆம் நாள் மத்திய அரசு ஆணை பிறப்பித்தது: பொது இடத்தில் முகத்தை மூடியாக வேண்டும், துப்பினால் அபராதம்.

முகமூடி போட்டவன் கொள்ளைக்காரன் என்று நமக்குச் சினிமா சொல்லிக்கொடுத்தது. அந்த ஆண்டில் கதை தலைகீழாயிற்று. முகத்தை மூடாமல் கூட்டத்தில் நுழைந்தவனே பிறர் உயிரைக் கொள்ளையடிப்பவன் ஆனான்!

"எனக்குக் காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நான் ஏன் கட்ட வேண்டும்?" என்று கேட்ட தோழர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலும் உண்டு. கொரோனா மற்ற நோய்களைப்போல் முன்கூட்டி முரசு அறைந்துவிட்டு வரவில்லை. காய்ச்சல் தலைகாட்டுவதற்கு முன்பே அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவியது. சிலருக்குக் கடைசிவரை ஒரு தும்மல்கூட இல்லை. ஆனால் அவர்கள் வீட்டிலே முதியவர் படுக்கையில் விழுந்தார். பேசும்போதும் இருமும்போதும், சும்மா மூச்சு விடும்போதும்கூட, கண்ணுக்குத் தெரியாத ஈரத்துளிகள் வெளியே வருகின்றன. பெரிய துளி கீழே விழுந்துவிடும். மிகச் சிறியது காற்றிலே மிதந்துகொண்டிருக்கும். அந்தத் துளியைப் புறப்படுகிற வாசலிலேயே மடக்குவதுதான் முகக்கவசத்தின் முதல் வேலை.

சந்தையில் நோய் நுழைந்தால் என்ன ஆகும்? கோயம்பேட்டைக் கேளுங்கள்! 2020 ஏப்ரல் கடைசியில் சென்னைக் கோயம்பேடு மார்க்கெட்டில் தொற்று வெடித்தது. மே 5-ஆம் நாள் மார்க்கெட் மூடப்பட்டது. காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போயிற்று. அதற்குள் என்ன நடந்தது? வேலை போன சுமைத் தொழிலாளிகள் கிடைத்த லாரியில் ஏறிச் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். கடலூரிலும் விழுப்புரத்திலும் அரியலூரிலும் நோயாளிகள் எண்ணிக்கை திடீரென்று ஏறியது. கடலூரும் விழுப்புரமும் எங்கே இருக்கின்றன? புதுவையைச் சுற்றி, நம் வாசற்படியிலே!

குற்றம் அந்தத் தொழிலாளியுடையதா? அவன் நோயை விலைக்கு வாங்கிக்கொண்டா போனான்? தோளோடு தோள் உரசாமல் மூட்டை இறக்க முடியாத இடத்தில் அவனை நிற்க வைத்துவிட்டு, "நீதான் பரப்பினாய்" என்று விரல் நீட்டுவது அநியாயம்.

முகக்கவசத்தின் கதையைத் தேடிப் போனால் அதிலே ஒரு பாடம் கிடைக்கிறது. 1910-ஆம் ஆண்டின் இறுதி. சீனத்தின் வடகிழக்கே மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் மூண்டது. அதை எதிர்க்க அனுப்பப்பட்டவர் மலேயாவின் பினாங்குத் தீவில் பிறந்த வூ லியன் தே என்ற இளம் மருத்துவர். "இந்த நோய் மூச்சின் வழியாகப் பரவுகிறது, மருத்துவரும் செவிலியரும் பஞ்சும் சல்லாத்துணியும் கொண்டு மூக்கையும் வாயையும் மூடுங்கள்" என்றார் அவர். அங்கே வந்த மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர் வயதில் மூத்தவர், பெயர் பெற்றவர். சீன இளைஞர் சொல்வதை நான் கேட்பதா என்ற மிதப்பு அவருக்கு! கவசம் இல்லாமலே நோயாளிகளைப் பார்க்கப் போனார். 1911 ஜனவரியில், சில நாட்களுக்குள், அதே நோய்க்குப் பலியானார். அந்தக் கொள்ளைநோய் ஏறக்குறைய 60,000 பேரை வாரிக்கொண்டு போயிற்று.

வெள்ளைத் தோலையும் பெரிய பட்டத்தையும் பார்த்து நோய் வழிவிடவில்லை. பிரெஞ்சுக்காரர் ஆட்சியைப் பார்த்த ஊர் நம் ஊர். ஆணவத்துக்கு மருந்தில்லை என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் கையுறைக்கு வருவோம்.

கொரோனாக் காலத்தில் கடைத்தெருவில் இப்படி ஒரு காட்சி. ஒரு கனவான். இரண்டு கையிலும் நீல நிற ரப்பர் கையுறை. முகக்கவசமோ தாடைக்குக் கீழே தொங்குகிறது! அந்தக் கையுறையோடு தக்காளியைத் தொடுகிறார், பணத்தை எண்ணுகிறார், கைப்பேசியை எடுத்துக் காதில் வைக்கிறார், பிறகு அதே விரலால் மூக்கைச் சொறிகிறார். "நான் பத்திரமாக இருக்கிறேன்" என்ற நம்பிக்கை வேறு! எதிலே பத்திரம்? அழுக்குக் கை செய்கிற வேலையை அழுக்குக் கையுறையும் செய்யும். தோல் வழியாக அந்தக் கிருமி உடம்புக்குள் போகாது. மூக்கு, வாய், கண் வழியாகத்தான் போகும். வெறும் கையென்றால் கழுவத் தோன்றும். கையுறை போட்டவருக்கோ அதுவும் தோன்றாது.

உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகவே சொன்னது: கடைக்குப் போகிறவருக்குக் கையுறையைவிட அடிக்கடி கழுவிய கையே மேல். பொருள்களைத் தொட்டு நோய் வரும் வாய்ப்பு, ஒரு தொடுகைக்கு 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021 ஏப்ரலில் கூறியது. கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்பைக் கரைத்துவிடும். உறை கிழிந்தால் கிருமி செத்தது. 20 விநாடி தேய்த்துக் கழுவினால் போதும். கையுறை வேண்டியது மருத்துவமனைத் தொழிலாளிக்கு, துப்புரவுத் தொழிலாளிக்கு. அவர்களுக்குக் கிடைக்க வேண்டியதை நாம் வாங்கிக் குவித்து, மார்க்கெட் வாசலிலே கழற்றி எறிந்துவிட்டு வந்தால், அதைக் குனிந்து பொறுக்குவது யார்? அதே துப்புரவுத் தோழர்தான்!

அந்தக் கையுறை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உலகத்தின் ரப்பர் கையுறையில் பெரும்பங்கு மலேசியாவில் உற்பத்தியாகிறது. ஆம், நம் மக்கள் கப்பலேறிப் போய் ரப்பர் மரம் சீவிய அதே மண்! 2020-இல் உலகமே கையுறை கேட்டது. முதலாளிகளின் லாபம் மலைபோல் உயர்ந்தது. அந்த நவம்பரில் கிள்ளான் பகுதியின் கையுறைத் தொழிற்சாலைகளில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. நேபாளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் பிழைக்கப் போனவர்கள் பலர். நெரிசலான விடுதிகளிலே அடைந்து கிடந்தவர்கள். உலகத்தின் கைகளுக்கு உறை செய்தவர்களுக்குக் காற்றோட்டமான ஓர் அறை இல்லை!

நம் ஊர்க் கதை மட்டும் என்ன? ரோடியர் மில் என்று பழையவர்கள் சொல்வார்களே, அந்த ஏ.எஃப்.டி. ஆலை. பல தலைமுறை உழைப்பாளிகளுக்குச் சோறு போட்ட ஆலை. துணியால் முகத்தை மூடு என்று நாடெங்கும் ஆணை பிறந்த அதே மாதம், 2020 ஏப்ரல் 30-ஆம் நாளோடு, அது மூடப்பட்டது. ஊரெல்லாம் துணி தேடியது; துணி நெய்த ஊரின் தறி ஓய்ந்தது! இந்த வேடிக்கையைப் பார்த்துச் சிரிப்பதா, அழுவதா?

முகக்கவசத்தின் விலையும் மறந்துபோகவில்லை. பதுக்கலும் கொள்ளை விலையும் தாங்காமல், 2020 மார்ச்சில் மத்திய அரசே உச்சவிலை வைக்க வேண்டி வந்தது: இரண்டடுக்குக் கவசம் 8 ரூபாய், மூன்றடுக்கு 10 ரூபாய். ஒருமுறை போட்டுத் தூக்கி எறிகிற கவசத்துக்கு, நாலு பேர் உள்ள குடும்பம் நாளைக்கு 40 ரூபாய்க்கு எங்கே போகும்? கட்டாதவனுக்கு அபராதம் என்று சட்டம் சொன்னது. சொல்லட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் கவசத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்கிற அபராதம் ஒழுங்கு. கொடுக்காமல் கேட்கிற அபராதம் ஏழையின் மடியில் கைவைப்பது!

இன்னொன்று. "விலகி நில்" என்ற சொல் இந்த நாட்டிலே நீண்ட காலம் நோய்க்காகச் சொல்லப்பட்ட சொல் அல்ல. சாதிக்காகச் சொல்லப்பட்ட சொல். கொரோனாவின் பெயரால் அந்தப் பழைய புத்தி மறுபடியும் தலைநீட்டியது. கூடைக்கார அம்மாவிடம் காசை நீட்டாமல் எறிந்தவர்கள் உண்டு. சென்னையிலே, 2020 ஏப்ரலில், நோயாளிகளுக்கு மருத்துவம் பார்த்து உயிர்விட்ட ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கல்லெறிந்தவர்களும் உண்டு. தோழர்களே, முகத்துக்குத் திரை போடலாம். மனிதத்தன்மைக்குத் திரை போடக்கூடாது. இரண்டு முழம் தள்ளி நின்று, "அக்கா, கீரை என்ன விலை?" என்று அன்போடு கேட்க முடியாதா?

புதுவை மாநிலத்தில் மட்டும் கொரோனாவுக்கு 1,900-க்கும் அதிகமானோரைப் பறிகொடுத்தோம். 2023 ஏப்ரலில் தொற்று மறுபடி தலைதூக்க, புதுவையில் மீண்டும் முகக்கவசம் கட்டாயமாயிற்று. மே 5-ஆம் நாள், உலகளாவிய அவசரநிலை முடிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. முடிந்தது அவசரநிலைதான், கிருமிகளின் வரவு முடிந்துவிடவில்லை. நம் மாநிலத்தின் மாஹே, கேரளத்தின் நடுவே இருக்கிறது. அதற்குப் பக்கத்துக் கோழிக்கோட்டில் 2018-இலும் 2021-இலும் 2023-இலும் நிப்பா வந்து போயிற்று. நாளைக்கு இன்னொன்று வரலாம்.

வந்தால் என்ன செய்வோம்? முதலில் நம் கடமை. கூட்டமான கடைக்குள் நுழையுமுன் மூக்கும் வாயும் மூடும்படி கவசம் அணிவோம், தாடைக்கு அல்ல! கிடைத்தால் என்-95, முகத்தோடு படிந்தால் அது நுண்துகளில் 95 விழுக்காட்டை வடிகட்டும். கிடைக்காவிட்டால் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, இரண்டு மூன்று அடுக்கு, நாள்தோறும் துவைத்தது. கையுறை வேண்டாம்; வீடு திரும்பியதும் சோப்பு போதும். பேரத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கிக்கொள்வோம்!

அடுத்து நம் கோரிக்கை. ரேஷன் கடையிலே அரிசியோடு முகக்கவசமும் வரட்டும். மார்க்கெட்டின் ஒவ்வொரு வாசலிலும் தண்ணீர்க் குழாயும் சோப்பும் இருக்கட்டும். சுமைத் தொழிலாளிக்கும் துப்புரவுத் தொழிலாளிக்கும் கவசமும் கையுறையும், நோய்விடுப்பு நாளுக்குக் கூலியும் சட்டப்படி கிடைக்கட்டும். கூலி போய்விடுமே என்று காய்ச்சலை மறைத்துக்கொண்டு மூட்டை தூக்குகிற நிலை இருக்கிறவரை, எந்தக் கவசமும் சந்தையைக் காப்பாற்றாது!

1936 ஜூலை 30-ஆம் நாள் இந்த ஊரின் ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டினார்கள். எட்டு மணிநேர வேலை என்ற உரிமை மறு ஆண்டே பிறந்தது. ஒருவர் பட்ட பாடு எல்லோருக்கும் பாதுகாப்பாயிற்று. அந்த ஊர்க்காரர்கள் நாம். நம்மிடம் யாரும் இன்று உயிரைக் கேட்கவில்லை. ஒரு முழத் துணியைத்தான் கேட்கிறார்கள், எதிரே நிற்கிற ஒரு தோழருக்காக.

முகத்தை மூடுவோம். கண்ணை மூடமாட்டோம்!