சைடுகார் மாட்டுமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள்

கோவையிலிருந்து கரூர் போகும் 81-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், காங்கேயம் பக்கம் கொஞ்ச நேரம் நின்றால் பலவகை வண்டிகளையும் பார்க்கலாம். கொப்பரை மூட்டை ஏற்றிய லாரி வரும், நெல் ஏற்றிய டெம்போ வரும், பின்னால் இரு பக்கமும் சக்கரம் இணைத்த ஸ்கூட்டரும் வரும். சைடுகார் மாட்டிய புல்லட்தான் அபூர்வம். 'ஷோலே' படம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் அந்த ஆசை மட்டும் யாருக்கும் விட்டபாடில்லை. கூடவே இரண்டு தவறான நம்பிக்கைகளும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சைடுகாரே சட்டவிரோதம் என்பார் சிலர். பட்டறையில் வெல்டிங் வைத்தால் வேலை முடிந்தது என்பார் வேறு சிலர்.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(27) பிரிவு, மோட்டார் சைக்கிள் என்பதற்குள்ளேயே கழற்றி மாட்டக்கூடிய, தனிச் சக்கரம் உள்ள சைடுகாரையும் சேர்த்துச் சொல்கிறது. ஆகவே அது சட்டத்துக்குத் தெரியாத பொருள் அல்ல. ஆனால் இந்த வரையறையை, இஷ்டப்படி மாட்டிக்கொள்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. கேரளத்து வழக்கு ஒன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

எனவே முதலில் போக வேண்டிய இடம் பட்டறை அல்ல, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். எந்த வண்டி, யார் தயாரித்த சைடுகார், எப்படி இணைக்கப்போகிறோம் என்பதை எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே வாங்க வேண்டும். ஜன்னலில் நின்று கேட்ட வாய்மொழிப் பதில் விபத்துக்குப் பிறகு எதற்கும் உதவாது. வண்டி கடனில் இருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தனி வழி வைத்திருக்கிறது. அவர்களுக்கேற்ப வண்டியை மாற்றிவிட்டுப் பிறகு ஒப்புதல் பெற 52(2) இடம் தருகிறது. அதற்கும் நிபந்தனைகள் உண்டு. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரைத் தமிழக அரசே தகுதியுள்ளோருக்கு இலவசமாக வழங்குவதால், கடன் வாங்கிச் சொந்தமாக மாற்றுமுன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

காகித வேலையைவிடப் பெரிய ஆபத்து ஓட்டுவதில் இருக்கிறது. இருபது வருடம் புல்லட் ஓட்டியவர்கூட சைடுகார் மாட்டிய முதல் நாளில் புதியவர்தான். வண்டியைச் சாய்த்துத் திருப்பவே முடியாது. ஹேண்டில்பாரைத் திருப்பித்தான் ஆக வேண்டும். நம் ஊரில் சைடுகார் இடப்பக்கம் வருவதால், முறுக்கினால் வண்டி இடப்பக்கம் இழுக்கும், பிரேக் பிடித்தால் வலப்பக்கம், அதாவது எதிரே லாரி வரும் பக்கம் ஒதுங்கும். இடது வளைவில் வேகமாகப் போனால் காலி சைடுகாரின் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். அதனால்தான் பழகும்போது உள்ளே மணல் மூட்டை வைத்துக் கட்டுகிறார்கள். ஆள் ஏற்றுவதெல்லாம் பிறகு, அதுவும் காலி மைதானத்தில் நன்றாகப் பழகிய பிறகு.

பொருத்துவதிலும் நுணுக்கம் இருக்கிறது. சைடுகார் சக்கரம் வண்டிக்கு நேர் இணையாக இருக்கக் கூடாது. முன்புறம் சில மில்லிமீட்டர் உள்வாங்கியிருக்க வேண்டும். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் தள்ளியும் நிற்க வேண்டும். வண்டி சைடுகாருக்கு எதிர்ப்பக்கம் துளி சாய்ந்திருப்பதும் அவசியம். இரண்டு நீளமான நேர்கட்டைகளைச் சக்கரங்களை ஒட்டி வைத்து, முன்னும் பின்னும் டேப் பிடித்து அளக்காத ஃபிட்டரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். இணைப்பு நான்கு இடங்களிலாவது இருக்கட்டும். மெல்லிய ஃபிரேமில் நேரடியாக வெல்டிங் வைப்பதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் பாருங்கள். பல டூவீலர் பாலிசிகளில் வண்டியின் மதிப்புக்குப் பக்கத்திலேயே 'சைடுகார்' என்று ஒரு கட்டம் இருக்கும்; பெரும்பாலும் அதில் பூஜ்யம்தான். மாட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தால், சொந்த வண்டிக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க வழி கிடைக்கிறது. இன்னொன்று, சைடுகாரில் உட்காருபவருக்கு முன்பு இருந்த ஹெல்மெட் விலக்கு 2019 திருத்தத்தோடு போய்விட்டது. நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

இழப்பீடு மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்துக்கே புகார் எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரை அணுகலாம், கட்டணம் கிடையாது. பட்டறை ஏமாற்றினால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அதற்கும் கட்டணமில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் பில் இல்லாமல் இதில் எதுவும் நகராது. முன்பணம் கொடுக்கும் அன்றே, ஜி.எஸ்.டி. எண்ணோடு, செய்யப்போகும் வேலையின் விவரத்தோடு ரசீது கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.