ஓலை, தாள், போன்

செங்கல், பாறசாலை, களியக்காவிளைப் பக்கம் பனைமரத்தை எல்லோருக்கும் தெரியும். அக்கானி தரும். கருப்பட்டி தரும். ஒரு காலத்தில் புத்தகமும் தந்தது.

பனையோலையை வெட்டிப் பதப்படுத்துவார்கள். காய்ந்த ஓலையில் எழுத்தாணியால் கீறி எழுதுவார்கள். ஓலைகளில் துளை போட்டுக் கயிற்றால் கட்டுவார்கள். அதுதான் சுவடி. பூச்சியும் கரையானும் சுவடியைத் தின்றுவிடும். அதனால் பழைய சுவடியைப் பார்த்துப் புதிய சுவடி எழுதினார்கள். அப்படிப் பிரதி எடுத்த நூல்கள் பிழைத்தன. பிரதி எடுக்காத நூல்கள் எத்தனையோ மண்ணாகிப் போயின. திருவனந்தபுரம் காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகத்தின் சுவடி நூலகம் இருக்கிறது. அங்கே பல்லாயிரம் சுவடிகளைப் பாதுகாக்கிறார்கள். தமிழ்ச் சுவடிகளும் அவற்றில் உண்டு.

பிறகு அச்சு வந்தது. பாறசாலையில் ரயில் ஏறி வடக்கே போனால், திருவனந்தபுரம் தாண்டி, வர்க்கலை தாண்டி, கொல்லம் வரும். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் அந்தக் கொல்லத்தில் ஒரு தமிழ்ப் புத்தகம் அச்சானது. அதன் பெயர் 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம். போர்ச்சுக்கல் நாட்டில் இருந்து வந்த அண்ட்ரிக் அடிகளார் என்ற பாதிரியார் அதைத் தமிழாக்கினார். கொல்லத்தில் அச்சான அந்தப் புத்தகத்தைப் பார்க்க இன்று அமெரிக்கா போக வேண்டும். அங்கே ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு பிரதி இருக்கிறது.

இப்போது மின்நூல் வந்திருக்கிறது. தாள் இல்லை, மை இல்லை. கண்ணாடித் திரையில் எழுத்து தெரிகிறது. பலர் இதைப் போனிலேயே படிக்கிறார்கள். படிப்பதற்கு என்றே செய்த கருவியும் உண்டு. கிண்டில் என்ற கருவி 2007-ஆம் ஆண்டு அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. 2016-ஆம் ஆண்டு அதில் தமிழ், மலையாளப் புத்தகங்களும் வந்தன.

போனும் இந்தக் கருவியும் ஒன்றா? இல்லை. போனின் திரையில் இருந்து வெளிச்சம் நம் கண்ணுக்கு வருகிறது. வெயிலில் போனைப் பார்த்தால் எழுத்து மங்கும். படிக்கும் கருவியின் திரை வேறு மாதிரி. அதற்குள் மிக மிகச் சிறிய குமிழ்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கின்றன. மின்சாரம் அவற்றை மேலும் கீழும் நகர்த்தும். கறுப்பு மேலே வந்த இடத்தில் எழுத்து தெரியும். பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும். அதனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் வரும். வெயிலிலும் தாளைப் போலப் படிக்கலாம். ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்துக்கு எத்தனை புத்தகம் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

புதிதாகப் படிக்கப் பழகியவர்களுக்கு எது வசதி? நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும். தாளில் சின்ன எழுத்து சின்ன எழுத்துதான். போனில் அதைப் பெரிதாக்கலாம். இது பெரிய உதவி. ஆனால் எழுத்துக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பவர்களுக்குப் போன் தொல்லை கொடுக்கும். விரல் பட்டால் பக்கம் ஓடிவிடும். விட்ட இடத்தைத் தேட வேண்டும். வாய்விட்டுப் படித்துக்கொண்டிருக்கும்போது யாராவது போனில் கூப்பிடுவார்கள். கதை பாதியில் நிற்கும். தாள் புத்தகம் யாரையும் கூப்பிடுவதில்லை!

கேரள எல்லைக்குள் வாழும் தமிழர்களுக்கு இன்னொரு சிரமம் உண்டு. ஊருக்கு ஊர் கிரந்தசாலை இருப்பது கேரளத்தின் பெருமை. 1945-ஆம் ஆண்டு அம்பலப்புழையில் பி.என். பணிக்கர் தொடங்கிய நூலக இயக்கம் அது. ஆனால் எல்லாக் கிரந்தசாலையிலும் தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை. மார்த்தாண்டமோ நாகர்கோவிலோ போய்த்தான் வாங்க வேண்டும். பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடும். இவர்களுக்குப் போன் நல்ல துணை. இணையம் இருந்தால், வாசலில் உட்கார்ந்தபடியே தமிழ்ப் புத்தகம் கிடைக்கிறது.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய மின்நூல் முழுவதும் நம்முடையதா? 2009-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய இரண்டு நாவல்களைப் பலர் கிண்டிலில் வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் பார்த்தால் அவற்றைக் காணவில்லை. விற்றவருக்கு அவற்றை விற்கும் உரிமை இல்லையாம். அதனால் அமேசான் நிறுவனம், இருந்த இடத்தில் இருந்தே, வாங்கியவர்களின் கருவியில் இருந்து அவற்றை அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது. ஒரு மாணவர் புத்தகத்தோடு சேர்த்துக் குறிப்புகள் எழுதி வைத்திருந்தார். அவருடைய உழைப்பும் வீணானது. 2019-ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் மின்நூல் கடையையே மூடியது. வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது. புத்தகம் போனது. தாள் புத்தகத்தை விற்ற கடைக்காரர், நடு ராத்திரியில் வீட்டுக்குள் வந்து அதை எடுத்துப் போக முடியுமா?

தாளுக்கும் ஆபத்து உண்டு. இலங்கையில் யாழ்ப்பாண நூலகத்தை 1981-ஆம் ஆண்டு தீ வைத்து எரித்தார்கள். சுமார் 97,000 புத்தகங்கள் சாம்பலாயின. ஓலைச்சுவடிகளும் எரிந்தன. வேறு எங்கும் பிரதி இல்லாத நூல் எரிந்தால் எரிந்ததுதான். 2005-ஆம் ஆண்டு 'நூலகம்' என்ற பெயரில் சிலர் ஒரு மின் நூலகம் தொடங்கினார்கள். வீடுகளிலும் நிறுவனங்களிலும் இருந்த ஈழத்துப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் படம் பிடித்து இணையத்தில் வைத்தார்கள். அன்று சுவடி பார்த்துச் சுவடி எழுதிய வேலைதான் இதுவும்.

அதனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைக்கும் புத்தகத்தைத் தாளில் வாங்குவது நல்லது. ஒரு முறை படித்துவிட்டுப் போவதற்குப் போன் போதும். அதற்குக் காசும் தேவையில்லை. 'ஸ்டோரிவீவர்' என்ற இணையதளத்தைப் பிரதம் புக்ஸ் 2015-ஆம் ஆண்டு தொடங்கியது. அதில் தமிழ்க் கதைகள் படத்தோடு இருக்கின்றன. குழந்தைகளுக்கு எழுதியவைதான். ஆனால் எளிதான கதை முதலில், கொஞ்சம் கடினமானது பிறகு என்று நிலை பிரித்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களும் அதில் பழகலாம்.

அதற்கு அடுத்து 'மதுரைத் திட்டம்' இருக்கிறது. 1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது. பல நாடுகளில் இருக்கும் தமிழர்கள் சம்பளம் இல்லாமல் நூல்களைத் தட்டச்சு செய்து கொடுத்தார்கள். பழைய இலக்கியம் அதிகம். அவை கடினம். பாரதியார் பாடல்களும் கல்கியின் கதைகளும் அதில் உண்டு. போனில் ஒரு முறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாதபோதும் படிக்கலாம். பிரதி எடுத்து அடுத்த வீட்டாருக்கும் கொடுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனைதான். அவர்கள் குறிப்பு எழுதியிருக்கும் முதல் பக்கத்தை நீக்காமல் கொடுக்க வேண்டும்.