பழைய கணனியைக் கைமாற்றுமுன்

வாவிக்கரையோரக் கிராமமொன்றின் பெண்கள் சங்கத்தில் ஒரு கணனி பல வருடங்களாக மூலையில் கிடந்தது. யுத்தம் முடிந்து மீள்குடியேற்ற வேலைகள் நடந்த காலத்தில் கிடைத்த கணனி அது. அதைத் திருத்திப் பாலர் பாடசாலைக்குக் கொடுப்பதெனத் தீர்மானித்து என்னை அழைத்திருந்தார்கள். "எல்லாத்தையும் அழிச்சாச்சு மகள், அதுக்குள்ள இனி ஒண்டும் இல்ல" என்றார் சங்கத்தின் மூத்த அங்கத்தவரான மாமி.

அழித்த கோப்புகளை மீட்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஓடவிட்டேன். அரை மணித்தியாலத்தில் ஒரு பட்டியல் திரும்பி வந்தது. 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களின் விபரம்; பெயர், அடையாள அட்டை இலக்கம், கணவரை யார், எங்கே வைத்துக் கொண்டுபோனார்கள் என்பது வரை. திரையில் தன் பெயரை வாசித்த மாமி கதிரையில் அமர்ந்துவிட்டார்.

அழிக்கும்போது உண்மையில் நடப்பது இதுதான். கொப்பியின் பொருளடக்கப் பக்கத்தை மட்டும் கிழித்தெறிந்தால் உள்ளே எழுதியவை அப்படியேதான் இருக்கும். குப்பைக் கூடையை வெறுமையாக்குவதும், விரைவாக ஃபோர்மட் செய்வதும் அத்தகையவையே. வன்தட்டில் அவ்விடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது போகாது. இது எமது ஊர்ப் பெண்களின் கவனக்குறைவு மட்டுமல்ல. அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர் இருவர் பாவித்த வன்தட்டுகள் 158ஐ வாங்கிப் பரிசோதித்து 2003இல் முடிவை வெளியிட்டார்கள். இயங்கிய 129இல் முறையாகத் துடைக்கப்பட்டிருந்தவை 12 மாத்திரமே!

துடைக்குமுன் வேண்டியவற்றை இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். பாமினி எழுத்துருவை மறக்க வேண்டாம். எமது பழைய கடிதங்களும் அறிக்கைகளும் பெரும்பாலும் பாமினியில் தட்டச்சு செய்யப்பட்டவை. அது இல்லாத கணனியில் அவை வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகவே தெரியும். பிரதி எடுத்தவற்றை வேறொரு கணனியில் திறந்து பார்த்த பின்பே அடுத்த வேலை. பின்னர் பென் டிரைவ்களையெல்லாம் கழற்றிவிடுங்கள். தவறான தட்டைத் துடைத்துவிட்டு அழுதவர்கள் உண்டு. (நானும் ஒருத்தி.)

விண்டோஸ் நிறுவும் இறுவட்டில் கணனியைத் தொடக்கி, முதல் திரையில் ஷிஃப்ட் விசையுடன் எஃப்10ஐ அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் 'டிஸ்க்பார்ட்' எனக் கொடுத்து, 'லிஸ்ட் டிஸ்க்' மூலம் தட்டின் கொள்ளளவைப் பார்த்து, சரியானதைத் தெரிவுசெய்து, 'கிளீன் ஓல்' எனக் கொடுக்க வேண்டும். 'கிளீன்' மட்டும் கொடுத்தால் பிரிவுகளின் பதிவு மாத்திரமே போகும். 'ஓல்' சேர்ந்தால்தான் தட்டு முழுவதும் பூச்சியம் எழுதப்படும். எங்களுடைய 320 ஜிகாபைட் தட்டுக்கு ஒன்றரை மணித்தியாலம் சென்றது. எவ்வளவு முடிந்தது என்று திரை எதுவும் சொல்லாது. பழுதாகிவிட்டதோ என நிறுத்திவிடாதீர்கள். எஸ்.எஸ்.டி. வகைத் தட்டுக்கு இம்முறை போதாது. அதைத் தயாரித்தவர்களின் அழிப்பு மென்பொருளே வேண்டும்.

அதன்பின் தட்டை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் இயங்குதளம், மற்றதில் கோப்புகள். பிறகொரு நாள் இயங்குதளத்தை மீண்டும் நிறுவ நேர்ந்தாலும் கோப்புப் பிரிவைத் தொட வேண்டியதில்லை. ஆனால் தட்டே பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும் என்பதால் பிரதி எப்போதும் வெளியே இருக்க வேண்டும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியுடன் நின்றுவிட்டபடியால், காசு கேட்காத லினக்ஸ் மின்ட்டை நிறுவினோம்.

அலுமாரிக்குள் இன்னொரு கணனியின் செத்த வன்தட்டும் கிடந்தது. அது இயங்காததால் துடைக்க முடியாது. பழைய இரும்புக்காரர் வந்தால் கொடுக்கலாம் என வைத்திருந்தார்களாம். மாமி அதை வாங்கி, நான் கழற்றிக் காட்டிய தட்டுகளை முற்றத்துக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தானே அடித்தார். பட்டியலின் இரண்டு பிரதிகளில் ஒன்று இப்போது அவருடைய பெட்டகத்தில் இருக்கிறது.