குறைபாடா, மொழி வேறுபாடா?

எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறும் குழந்தையைக் கண்டதும் ஆசிரியர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா இதுவே. விடை பிழைத்தால் அக்குழந்தையின் கல்விப் பாதையே மாறிவிடும்.

இதற்கு உலகறிந்த சான்று, 1970இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் முடிவுற்ற டயானா வழக்கு. வீட்டில் ஸ்பானிய மொழி பேசிய ஒன்பது குழந்தைகள், ஆங்கிலத்தில் நடந்த நுண்ணறிவுச் சோதனையைக் கொண்டு மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் சேர்க்கப்பட்டிருந்தனர். ஸ்பானிய மொழியிலும் சோதித்தபோது அவர்களுள் பெரும்பாலோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் எனத் தெரிந்தது. குழந்தையை அதன் வீட்டு மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று அவ்வழக்கில் உடன்பாடு ஏற்பட்டது.

தாப்பா, பீடோர் வட்டாரத் தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு இவ்வினா மேலும் நுட்பமானது. அவர்கள் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளையும் இரண்டு எழுத்து முறைகளையும் ஒருசேரக் கற்கின்றனர். மலாயில் எழுத்துகள் ஒலிக்கும் வரிசையிலேயே அமைகின்றன. தமிழிலோ ‘கெ’, ‘கே’, ‘கை’ என்பவற்றில் பின்னர் ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ‘கொ’ என்பதில் அது இருபுறமும் பிரிந்து நிற்கிறது. இதில் தொடக்கநிலைக் குழந்தை தடுமாறுவது இயல்பு. ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என எழுதும் குழந்தை, தன் வீட்டில் கேட்ட ஒலியையே எழுதியிருக்கலாம். அதனை உடனே டிஸ்லெக்சியா என முடிவுகட்டுதல் தகாது.

அவ்வாறாயின் குறைபாட்டை எங்ஙனம் ஐயுறுவது? தமிழில் கோவையாகக் கதை சொல்லும் குழந்தை மலாயில் மட்டும் பின்தங்கினால், அம்மொழிப் பழக்கம் போதவில்லை எனலாம். குறைநீக்கல் போதனைக்குப் பின்னரும் எல்லா மொழிகளிலும் எழுத்தும் ஒலியும் இணையாதிருந்தால், வல்லுநரின் மதிப்பீட்டை நாட வேண்டும். அப்போது தயங்குவதும் அக்குழந்தைக்குத் தீங்கே. எனவே, பேச்சு, தமிழ் வாசிப்பு, மலாய் வாசிப்பு ஆகிய மூன்றையும் ஆசிரியர் தனித்தனியே குறித்து வைத்தல் நன்று.

சிறப்புத் தேவையுடைய எந்தக் குழந்தையையும் பள்ளி மறுக்கலாகாது என்னும் கொள்கை 2019 முதல் நம் நாட்டில் நடைமுறையில் உள்ளது. தாப்பாவுக்குத் தெற்கே தஞ்சோங் மாலிமில், 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்மொழிக் கல்வியும் சிறப்புக் கல்வியும் பயிற்றுவிக்கப்படுகின்றன. இவ்விரு துறை மாணவரும் ஒருவர் பாடத்தை மற்றவர் அறிதல் வேண்டும். தமிழாசிரியர் குறைபாட்டின் இயல்பையும், சிறப்புக் கல்வி ஆசிரியர் தமிழ் எழுத்தின் இயல்பையும் அறிந்தாலன்றி, பள்ளிக்குள் வந்த குழந்தைக்கு உரிய கல்வி கிட்டாது.