ஆரப்பாளையத்தில் ஏறி சிங்காநல்லூரில் இறங்கினால்...

மதுரையா, கோவையா? இரண்டு ஊர்த் தண்ணீரையும் குடித்த ஒருவரின் பதில்

மதுரை ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறினால், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் கடந்து சிங்காநல்லூரில் இறங்க ஐந்து மணி நேரம் ஆகும். பதினெட்டு ஆண்டுகளாக இந்தப் பாதையில் போய் வருகிறேன். பிறந்து வளர்ந்தது மதுரையில், மேலமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். பிழைப்பு கோவை பீளமேட்டில்.

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மூட்டைகள் ஏறி இறங்கும். தாராபுரம் நெருங்கும்போது காற்றாலைகள் தெரியும். பல்லடத்தில் கோழிப்பண்ணை வாடையும் விசைத்தறிச் சத்தமும் ஜன்னல் வழியே வரும். வழியில் ஏறுகிறவர்களின் பேச்சும் மாறிக்கொண்டே வரும். "அங்கிட்டுத் தள்ளி உக்காருங்கண்ணே" என்பது எங்கோ ஓரிடத்தில் "கொஞ்சம் தள்ளி உக்காருங்ணா" என்று ஆகிவிடும். அந்த 'ண்ணே'வும் இந்த 'ங்ணா'வும் எந்த ஊரில் கைமாறுகின்றன என்று ஒவ்வொரு முறையும் காது கொடுத்துக் கேட்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

இரண்டு ஊரிலும் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "எது நல்ல ஊர்?" மதுரையில் கேட்பவருக்கு மதுரை என்ற பதில் வேண்டும். கோவையில் கேட்பவருக்குக் கோவை. விமான நிலையம், ஐ.டி. பூங்கா, மேம்பாலம், மருத்துவமனை என்று எது அறிவிக்கப்பட்டாலும் "அந்த ஊருக்கு என்ன கொடுத்தார்கள்?" என்பதே முதல் கவலையாக இருக்கிறது.

ஒரே பதில்

2025 நவம்பரில் இந்தக் கேள்விக்கு டெல்லியிலிருந்து ஒரு விடை வந்தது. மதுரைக்கும் கோவைக்கும் தமிழக அரசு அனுப்பியிருந்த மெட்ரோ ரயில் திட்டங்களை ஒன்றிய அரசு திருப்பி அனுப்பியது. மதுரையில் திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை சுமார் 32 கி.மீ.; கோவையில் அவிநாசி சாலை, சத்தி சாலை என இரண்டு தடங்களில் சுமார் 39 கி.மீ. சொல்லப்பட்ட காரணங்களில் முக்கியமானது மக்கள்தொகை. 2017 மெட்ரோ கொள்கை 20 லட்சம் பேரை எதிர்பார்க்கிறது. 2011 கணக்குப்படி இரண்டு மாநகராட்சிகளிலும் அதைவிடக் குறைவு.

செய்தி வந்த அன்று மதுரை நண்பர் ஒருவர் அழைத்தார். "கோயம்புத்தூருக்குக் குடுத்துட்டாங்களா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. இல்லை என்றதும் அவர் குரலில் ஓர் ஆறுதல் தெரிந்தது. கோவையில் என்னுடன் வேலை பார்ப்பவரும் அதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்கும் அதே ஆறுதல். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தன் தட்டில் சோறு விழவில்லை என்பதை அடுத்தவர் தட்டும் காலியாக இருப்பதைப் பார்த்து மறந்துவிடும் நிலைக்கு எப்படி வந்தோம்?

எண்கள் சொல்லும் கதை

1971இல் மதுரை மாநகராட்சி ஆனது. சென்னைக்கு அடுத்து அந்த மதிப்பைப் பெற்ற ஊர் அதுதான். அப்போது மதுரையில் சுமார் 5.49 லட்சம் பேர். கோவையில் சுமார் 3.56 லட்சம். கோவை மாநகராட்சியாக இன்னும் பத்து ஆண்டுகள் காத்திருந்தது. 2001இல் இரண்டு மாநகராட்சிகளிலும் ஏறக்குறைய 9.3 லட்சம் பேர். 2011இல் சுற்றுப்புறத்தையும் சேர்த்த நகரத் தொகுப்பாகக் கணக்கிட்டபோது கோவை 21 லட்சத்தைத் தாண்டிவிட்டது. மதுரை 15 லட்சத்தைத் தொடவில்லை. இன்று இரண்டுக்கும் ஆளுக்கு 100 வார்டுகள்.

நாற்பது ஆண்டுகளில் இது எப்படி நடந்தது? "கோவைக்காரன் உழைப்பாளி, மதுரைக்காரன் சோம்பேறி" என்று சிலர் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணியில் மல்லிகை மூட்டை தூக்குகிறவர்களைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார். காரணம் வேறெங்கோ இருக்கிறது.

இரண்டு பேருந்துகள்

இரண்டு ஊர்களின் தொழில் வரலாற்றிலும் பேருந்து ஓடுகிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழில்தான் பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது. ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டித் தொடங்கினார். நூற்பாலைகளும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் வந்தவை. கோவையில் 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை. அடுத்த சில ஆண்டுகளில் மதுரை ரயில் நிலையத்தை ஒட்டி ஹார்வி சகோதரர்களின் ஆலை.

தொடக்கம் ஒன்றுபோல இருந்தாலும் அடுத்த தலைமுறையில் பாதை பிரிந்தது. டி.வி.எஸ்.ஸின் பெரிய தொழிற்சாலைகள் சென்னைப் பாடியிலும் ஓசூரிலும் எழுந்தன. மதுரையில் வேர் இருந்தது; கிளை வேறு ஊர்களில் பழுத்தது. கோவையில் நடந்தது வேறு. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. மழை குறைந்த கொங்கு நிலத்து விவசாயி ஆழக் கிணறு வெட்டியவர். அவருக்கு நீர் இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் உள்ளூரிலேயே மின் மோட்டார் செய்து காட்டினார்கள். மோட்டாருக்கு வார்ப்படம் வேண்டும். அதற்குப் பட்டறை வந்தது. பட்டறைக்கு லேத் வேண்டும். அதற்கு இன்னொரு பட்டறை. ஆலைக்கு உதிரிப் பாகம் செய்தவர் பம்புக்கும் செய்தார், பிறகு காருக்கும் செய்தார். பெரிய ஆலைகள் பல பின்னாளில் மூடப்பட்டபோதும் ஊர் சாயாமல் நின்றதற்குக் கணபதியிலும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் இருந்த இந்தச் சிறு பட்டறைகளே காரணம். மதுரையில் ஆலைச் சங்கு நின்றபோது அப்படித் தாங்கிப்பிடிக்கப் போதுமான பட்டறைகள் இல்லை.

சம்பாதித்த பணம் கல்விக்கும் போனது. கோவையில் 1951இல் பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரி; மதுரையில் கருமுத்து தியாகராசர் நிறுவிய பொறியியல் கல்லூரி 1957இல். கல்லூரிகள் இரண்டும் பெயர் பெற்றவை. கோவை மாணவர் படித்து முடித்ததும் கல்லூரி வாசலிலேயே தொழிற்சாலை இருந்தது. மதுரை மாணவர் பெட்டியைக் கட்டினார். அப்படிப் பெட்டி கட்டியவர்களில் நானும் ஒருவன்.

மாதத்தின் பெயரும் மில்லின் பெயரும்

ஓர் ஊரின் மனத்தை அறிய அதன் முகவரிகளைப் படித்தால் போதும். மதுரையில் மீனாட்சி கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று தெருக்கள் அடுக்கடுக்காக விரிகின்றன. தமிழ் மாதமும் திருவிழாவும் தெருவின் பெயராகிவிட்ட ஊர். வழி தெரியாவிட்டால் கோபுரத்தைப் பார்த்து நடக்கலாம்.

கோவையில் ஒற்றை நடுவம் கிடையாது. அவிநாசி சாலை, திருச்சி சாலை, சத்தி சாலை, மேட்டுப்பாளையம் சாலை என்று வெளியூர் போகும் பாதைகளின் ஓரமாகவே கிராமங்கள் கோத்து ஊர் உருவானது. நிறுத்தங்களின் பெயர்கள் 'லட்சுமி மில்ஸ்', 'ஹோப் காலேஜ்'. உழைக்கும் இடமும் படிக்கும் இடமும் அடையாளமாகிவிட்ட ஊர்.

இந்த வேறுபாடு அன்றாடத்தில் தெரியும். மதுரை வீட்டுக்கு விடுமுறையில் போனால் சந்து முனையிலேயே விசாரணை தொடங்கும்: "என்னப்பா, எப்ப வந்த? மெலிஞ்சு போயிட்ட?" எங்கள் சந்தில் யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் கஞ்சி பக்கத்து வீட்டிலிருந்து வரும். யார் வீட்டில் சண்டை என்றாலும் தீர்ப்பும் பக்கத்து வீட்டிலிருந்துதான் வரும். கோவையில் குடியேறிய முதல் ஆறு மாதம் எதிர்வீட்டுக்காரர் என் சொந்த விஷயம் எதையும் கேட்கவில்லை. "சாப்ட்டீங்களா? தண்ணி வருதுங்களா?" என்று மட்டும் கேட்டார். ஒதுக்கமோ என்று முதலில் வருந்தினேன். டைபாய்டு வந்து படுத்தபோது எட்டு நாள் அவர் வீட்டிலிருந்துதான் ரசம் வந்தது. அடுத்தவர் வாழ்க்கைக்குள் அழைக்காமல் நுழையக் கூடாது என்பது கொங்கு மரியாதை என்று அப்போது புரிந்தது.

இரவில் இரண்டு ஊரும் இரு வேறு உலகங்கள். நள்ளிரவு பன்னிரண்டுக்கு மதுரையில் தோசைக்கல் சூடாக இருக்கும். கறிதோசை, சால்னா ஊற்றிய பரோட்டா, நாலு சட்னியோடு இட்லி, குளிருக்குப் பருத்திப்பால், வெயிலுக்கு ஜிகர்தண்டா. கையில் ஐம்பது ரூபாய் இருப்பவரும் அங்கே பசியோடு படுக்க வேண்டியதில்லை. கோவை அதிகாலையின் ஊர். ஆறு மணிக்குப் பேக்கரிகளில் டீயும் பன்னும் தயார். ஏழு மணிக்கு அவிநாசி சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசை கட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று மாலையில் முகத்தில் படும்போது, மதுரைச் சித்திரை வெயிலில் வளர்ந்த எனக்கு இன்றும் அது ஒரு பரிசுதான்.

இரண்டு ஊர்களிலும் இதற்கு நாம் கொடுக்கும் விலையும் உண்டு. மதுரையில் உறவு இருக்கிறது. வேலை தேடிப் பிள்ளைகள் வெளியேறுகிறார்கள். எங்கள் சந்தில் என்னோடு பம்பரம் விட்ட ஒன்பது பேரில் இருவர்தான் அங்கே மிச்சம். கோவையில் வேலை இருக்கிறது. வாடகை ஏறிக்கொண்டே போகிறது. வட மாநிலங்களிலிருந்து வந்து பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் தூங்கும் இளைஞர்கள் கட்டும் ஊரில் அவர்களுக்கென்று ஒரு திண்ணை இல்லை.

ஒரே மலையின் தண்ணீர்

சிறுவாணித் தண்ணீரைப் பற்றிக் கோவைக்காரர்கள் பேசும்போது குரலில் தாய்ப்பாசம் வந்துவிடும். மதுரைக்காரர்களுக்கு வைகை அப்படி. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை நாளில் கரையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அது தெரியும். ஆனால் இரண்டு ஊரின் குடத்திலும் நிறைவது ஒரே மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர். கோவைக்கான சிறுவாணி அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. பென்னிகுவிக் கட்டிய, 1895இல் திறக்கப்பட்ட முல்லைப்பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. அந்த நீர்தான் வைகையில் சேர்ந்து மதுரைக்கு வருகிறது. இரண்டு அணைகளும் நிற்பது கேரள மண்ணில்.

குடிக்கும் தண்ணீரைக் கும்பிடும் நாம், ஊருக்குள் ஓடும் ஆற்றை எப்படி வைத்திருக்கிறோம்? கோவையின் நொய்யலில் சாக்கடை கலக்கிறது, வைகையிலும் கலக்கிறது. மதுரையில் கண்மாய்கள் மேல் கட்டடங்கள் எழுந்தன. உயர் நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்டதும் உலகநேரிக் கண்மாய் இருந்த இடத்தில்தான். நொய்யலில் இருந்து வாய்க்கால் வழியே நிறைந்த கோவைக் குளங்களின் கரைகள் இப்போது அழகாகியிருக்கின்றன. வரும் நீர் இன்னும் சுத்தமாகவில்லை. சாலையிலும் இதே கதைதான். மதுரை நத்தம் சாலையில் 7 கி.மீ.க்கு மேல் நீளும் மேம்பாலமும், அவிநாசி சாலையில் 10.1 கி.மீ. மேம்பாலமும் வந்துவிட்டன. மேலே வண்டி விரைகிறது. கீழே நகரப் பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணின் நிலை இரண்டு ஊரிலும் மாறவில்லை.

இட்லியும் கண்ணும்

மதுரை இட்லியின் புகழை எல்லோரும் அறிவார்கள். அந்த மாவு ஆடுவது எதில்? வெட் கிரைண்டரை 1955இல் கோவையில் உருவாக்கியவர் பி. சபாபதி. இன்று கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மதுரையின் நள்ளிரவு இட்லிக்குள் கோவையின் பட்டறை இருக்கிறது.

1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். காசு இல்லாதவருக்கும் பார்வை கிடைக்க வேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் பல ஊர்களில் மருத்துவமனைகளாகப் பெருகியது. கோவையிலும் ஒன்று இருக்கிறது. என் எதிர்வீட்டு அம்மாவுக்கு அங்கேதான் கண்புரை அறுவை நடந்தது. கட்டு பிரித்த மறுநாள் வாசல் கோலத்தில் புள்ளி தவறவில்லை என்று கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு எட்டு நாள் ரசம் வைத்துக் கொடுத்தவர் அவர். "உங்க ஊருக்குப் புண்ணியமுங்க" என்றார்.

எது நல்ல ஊர் என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் இந்த இட்லியையும் கண்ணையும் பற்றித்தான் சொல்கிறேன். கோவையிடம் மதுரை கற்க வேண்டியது, சம்பாதித்ததை உள்ளூர்ப் பட்டறையில் போட்டுப் பிள்ளைகளை ஊரிலேயே நிறுத்தும் வழி. மதுரையிடம் கோவை கற்க வேண்டியது, வந்தவரை ஊர்க்காரராக்கிக்கொள்ளும் மனம். இரண்டு ஊர்களும் சேர்ந்து கேட்க வேண்டியவை பல: அடிக்கடி ஓடும் நகரப் பேருந்து, சாக்கடை கலக்காத ஆறு, இன்றைய மக்கள்தொகையைப் பார்த்து எடுக்கப்படும் முடிவு. மதுரைக்குக் கிடைத்தால் கோவை மகிழ்ந்து, கோவைக்குக் கிடைத்தால் மதுரை மகிழ்ந்து கேட்கும்போதுதான் அந்தக் குரலுக்கு வலு வரும்.

போன மாதம் ஆரப்பாளையத்தில் ஏறியபோது, முன்சீட்டுப் பாட்டி மடியில் ஈரத்துணி சுற்றிய மல்லிகைப் பொட்டலம் வைத்திருந்தார். கோவையில் மகள் வீட்டு வளைகாப்பாம். பல்லடத்தில் ஏறிய பெண்ணுக்கு நகர்ந்து இடம் கொடுத்தவர், பொட்டலத்தைப் பிரித்து ஒரு முழம் கிள்ளி நீட்டினார். "வெச்சுக்க தாயி." "எதுக்குங்க பாட்டி..." என்று கூச்சப்பட்டவர், வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். சிங்காநல்லூரில் பாட்டியின் பையைத் தூக்கி இறக்கியதும் அந்தப் பெண்தான்.