சண்டையைக் குறைத்த வண்ண மீன்கள்.. சமாதானமா? இல்லை, பசி! பவளப்பாறையில் நடந்தது என்ன?

வண்ணத்துப்பூச்சி மீன்களைப் பார்த்தால் பரம சாதுவாகத் தெரியும். ஆனால் அதில் 'செவ்ரான்' என்ற வகை கொஞ்சம் முரடு. தன் பவளத்துப் பக்கம் இன்னொரு மீன் வந்தால் போதும், துரத்தித் துரத்தி விரட்டிவிடும். இப்படிப்பட்ட மீன்கள் திடீரென அடங்கிப்போனால் என்ன அர்த்தம்?

யார் இந்த செவ்ரான்?

செங்கடல் முதல் ஹவாய் வரை வாழும் மீன் இது. அதிகபட்சம் 18 செ.மீ. வளரும். வெள்ளை உடலில் படுக்க வைத்த 'வி' போல மெல்லிய கோடுகள், கண் மேலே ஒரு கறுப்புப் பட்டை. இதுதான் அடையாளம்.

எதுக்கு இந்தச் சண்டை?

எல்லாம் சாப்பாட்டுக்குத்தான்! பவளம் வெறும் கல் இல்லை. பாலிப் என்ற குட்டி உயிரினங்களின் கூட்டம். அக்ரோபோரா என்ற இனத்தில் மேசை போல விரிந்து வளரும் பவளத்தின் பாலிப்களைக் கொத்தித் தின்பதுதான் செவ்ரானின் பிழைப்பு. மற்ற உணவைப் பெரும்பாலும் தொடாது. அதனால்தான் கண்ணாடித் தொட்டியில் இதை வளர்ப்பது மிகக் கடினம்.

2016-ல் என்ன ஆச்சு?

கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடானால், தனக்கு உணவு தயாரித்துத் தரும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். நிறம் போய் வெளுக்கும். சூடு நீடித்தால் செத்துவிடும். 2016-ல் உலகம் முழுக்க இது நடந்தது. அக்ரோபோரா பவளங்கள் கடுமையாக அடிவாங்கின.

ஜப்பான், பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா உள்ளிட்ட பகுதிகளில் 17 பவளப்பாறைகளில், 38 வகை வண்ணத்துப்பூச்சி மீன்களை ஆய்வாளர்கள் அதற்கு முன்பிருந்தே கவனித்து வந்தனர். பவளம் வெளுத்த பிறகு மீண்டும் போய்ப் பார்த்தால், மீன்களின் ஆக்ரோஷம் மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது! இந்த ஆய்வு 2018-ல் வெளியானது.

அப்போ நல்லதுதானே?

இல்லை. விரட்டுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டும். பிடித்த பவளம் அழிந்ததால், மீன்கள் கிடைத்த பவளத்தைத் தின்று சமாளித்தன. அதில் போதிய சத்து இல்லாததால் சண்டைக்குச் செலவிடத் தெம்பில்லை என்பதே ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம்.

ஒரே உணவை நம்பியிருக்கும் செவ்ரானுக்கு இது இன்னும் பெரிய சிக்கல். அழியும் அபாயத்தை நெருங்கும் உயிரினங்களின் பட்டியலில் இது ஏற்கெனவே இருக்கிறது. மீன்கள் செத்து மிதந்த பிறகுதான் ஆபத்து தெரியும் என்றில்லை. அவை சண்டை போடாமல் ஒதுங்கிப் போவதே முதல் எச்சரிக்கை மணிதான்.