ரப்பரில் எழுதிய பெயர்

பருவத் தேர்வு முடிந்த ஒரு மாலையில் விடுதி நண்பன் ஒருவன் என்னிடம் ஒரு சித்திரக் கதைப் புத்தகத்தைக் கொடுத்தான். "படித்துவிட்டுச் சொல்" என்றான். நான் நின்ற இடத்திலேயே நாலு பக்கம் புரட்டினேன். பள்ளி மாணவர் இருவர். இருவருக்கும் இடையே காதல்! சிரித்துவிட்டேன். "இதென்னப்பா வேடிக்கை?" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அந்த மௌனம் என்னைச் சில நாள் உறங்கவிடவில்லை. மறுபடியும் போய்க் கேட்டு வாங்கிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

சித்திரக் கதையை ஜப்பானியர் 'மங்கா' என்பர். அதை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். நான் படித்த மங்காவின் பெயர் 'கியெதா ஹாட்சுகோய்'. அழிந்துபோன முதற்காதல் என்பது பொருள். கதை வதாரு ஹினெகுரே, சித்திரம் ஆருகோ. பெண்களுக்கான ஒரு மாத இதழில் 2019 முதல் 2022 வரை வெளிவந்து, ஒன்பது தொகுதிகளாயிற்று. 2021இல் ஜப்பானிலும் 2024இல் தாய்லாந்திலும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது.

ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளிடையே ஒரு நம்பிக்கை உண்டு. மனத்துக்குப் பிடித்தவரின் பெயரை ரப்பரில் எழுதி, பிறர் கண்ணில் படாமல் அது தேயும்வரை பயன்படுத்தினால் காதல் கைகூடுமாம். கதை அங்கேதான் தொடங்குகிறது. ஆவோகி என்ற மாணவனுக்கு உடன் பயிலும் ஹாஷிமோட்டோ என்ற பெண்மீது விருப்பம். அவளிடம் ரப்பரை இரவல் வாங்குகிறான். அதில் 'இடா' என்று இன்னொரு மாணவனின் பெயர்! அந்த ரப்பர் ஆவோகியின் கையில் இருப்பதை அந்த இடாவே பார்த்துவிடுகிறான். உண்மையைச் சொன்னால் அவள் மானம் போகும். ஆவோகி பழியைத் தானே ஏற்றுக்கொள்கிறான்.

இடா என்ன செய்தான்? இதுதான் கதையின் உயிர். அவன் சிரிக்கவில்லை, ஊரைக் கூட்டவில்லை, ஒருவன் தன்னை விரும்புவதாக எண்ணி, அதைப் பற்றி உண்மையாகவே சிந்திக்கிறான். அந்தப் பண்பைக் கண்டு ஆவோகி அவனோடு பழகுகிறான். பழக்கம் நட்பாகிறது, நட்பு காதலாகிறது. பொய்யில் தொடங்கியது மெய்யாகிவிடுகிறது. இடாவுக்கோ காதல் என்றால் என்னவென்றே தெரியாது. அவன் அதைக் கற்றுக்கொள்ளும் வரையில் கதையும் பொறுமையாகக் காத்திருக்கிறது.

இத்தகைய கதைகள் ஜப்பானில் புதியன அல்ல. மோட்டோ ஹாகியோ 1974இல் 'தோமாவின் இதயம்' எழுதினார். கெய்கோ தாகெமியா 1976இல் 'காற்றும் மரங்களும் பாடும் பாடல்' தொடங்கினார். இரண்டும் பெண்கள் படைத்தவை. ஒன்று ஜெர்மனியிலும் மற்றொன்று பிரான்சிலும் உள்ள விடுதிப் பள்ளிகளில் நிகழ்பவை. ஒன்று மரணத்தில் தொடங்குகிறது. மற்றொன்று மரணத்தில் முடிகிறது. இத்தகைய அன்புக்கு அன்று தொலைதேசமும் துயரமும் தேவைப்பட்டன. ஆவோகிக்கும் இடாவுக்கும் அவை தேவைப்படவில்லை. சாதாரண வகுப்பறை, சாதாரண மேசை, ஒரு ரப்பர்த் துண்டு, அவ்வளவே. ஐம்பது ஆண்டுகளில் கதை நடந்துவந்த தூரம் இது.

நாம் எவ்வளவு தூரம் நடந்திருக்கிறோம்? வயது வந்த இருவர் மனமொத்துக் கொள்ளும் இத்தகைய உறவு குற்றமன்று என்று நம் உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. சட்டம் மாறிவிட்டது. ஆனால், விடுதி வராந்தாவில் எழும் சிரிப்பு மாறியதா? என் சிரிப்பு மாறவில்லையே!

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "அன்று நான் சிரித்தது தவறு" என்றேன். அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். "வா, டீ குடிக்கலாம்" என்றான். அந்தப் புத்தகத்தை என்னிடம் ஏன் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை. சொல்லத் தோன்றினால் அவனே சொல்வான். அவன் அறிந்தே இதை எழுதுகிறேன்.

நண்பர்களே, உங்களிடமும் யாரேனும் ஒருநாள் ஒரு புத்தகத்தை நீட்டலாம். படிக்குமுன் சிரித்துவிடாதீர்கள்.